யார் ஒதுக்கினார்கள்? ‘பரையா’ என்னும் ஆங்கிலச் சொல் குறித்து

ஆங்கில நாளேட்டின் உலகச் செய்திப் பக்கத்தைப் புரட்டும் பழக்கம் உள்ளவர்கள் ‘பரையா ஸ்டேட்’ என்ற சொல்லைப் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. வட கொரியா ஒரு பரையா ஸ்டேட். உக்ரைன் மீது படையெடுத்த பிறகு ரஷ்யாவும் பரையா. பத்திரிகையாளர் ஜமால் கஷோகி கொலைக்காகச் சவுதி அரேபியாவைப் பரையா ஆக்கப்போவதாக 2019இல் தேர்தல் விவாத மேடையில் ஜோ பைடன் பேசினார். 2022 ஜூலையில் அதிபராக அவர் சவுதிக்குப் போனபோது, அந்தச் சொல்லை நினைவூட்டித்தான் உலக ஏடுகள் அவரை விமர்சித்தன. ஊழலில் சிக்கிய அரசியல்வாதிக்கும் பாலியல் குற்றத்தில் மாட்டிய திரைப்படத் தயாரிப்பாளருக்கும் ஊக்கமருந்தில் பிடிபட்ட விளையாட்டு வீரருக்கும் இதே சொல்தான்.

இந்தச் சொல் எங்கிருந்து போனது என்று நம் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அது பறையர் என்ற பெயர். தமிழ்நாட்டின் பட்டியல் சாதிகளுள் ஒன்றின் பெயர். லட்சக்கணக்கானோர் இன்றும் சாதிச் சான்றிதழில் சுமக்கிற பெயர். ஆங்கிலத்தில் ‘ற’ இல்லை என்பதால் அது வேறு சொல் ஆகிவிடாது.

‘இந்தச் சொல் எங்கள் மனத்தைப் புண்படுத்துகிறது’ என்பதோடு பலரும் நிறுத்திக்கொள்கிறார்கள். புண்படுத்துகிறது என்பது உண்மை. அதைவிட முக்கியமாக நாம் சொல்ல விரும்புவது, அந்தச் சொல் பொய் சொல்கிறது என்பதை. சாதியைப் பற்றி உலகத்துக்கே தவறான பாடம் ஒன்றை அது நடத்திக்கொண்டிருக்கிறது. அந்தப் பாடத்தை மறுப்பதற்குத்தான் இந்தக் கட்டுரை.

கடல் கடந்த கதை

16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியாவில் இருந்த போர்த்துகீசியர் துவார்த்தே பர்போசா இந்த மக்களைப் பற்றிக் குறிப்பு எழுதியிருக்கிறார். 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சொல் ஆங்கிலத்துக்குள் நுழைகிறது. அப்போது அது தென்னிந்தியாவின் ஒரு சாதியைக் குறிக்கும் பெயர் மட்டுமே. கம்பெனி ஆட்சிக் காலத்தில் அது மெல்ல விரிந்தது. வெள்ளைக்காரர் பேச்சில் தெருநாய் ‘பரையா டாக்’ ஆனது. பருந்து ‘பரையா கைட்’ ஆனது. மட்டச் சாராயம் ‘பரையா அரக்’ ஆனது. மட்டமானது, யாருக்கும் சொந்தமில்லாதது, அசிங்கமானது எதுவானாலும் அதற்கு நம் மக்களின் பெயரை முன்னொட்டாக வைத்தார்கள். 1886இல் வெளிவந்த ‘ஹாப்சன் ஜாப்சன்’ அகராதி இவற்றையெல்லாம் பதிவு செய்திருக்கிறது. இது தமிழ்நாட்டின் மிகப் பெரிய சாதிகளுள் ஒன்றின் பெயர் என்றும், ஐரோப்பியர் அதைத் தவறாக விரித்துப் பயன்படுத்துகிறார்கள் என்றும் அந்த அகராதியே அப்போதே சொல்லியிருக்கிறது. யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

இன்றும் சென்னையில் நாய்க்குட்டியைத் தத்துக் கொடுக்கும் இன்ஸ்டாகிராம் பதிவுகளில் ‘இந்தியன் பரையா டாக்’ என்று எழுதுகிறார்கள். ‘நாட்டு நாய்’ என்று ஓர் அழகான சொல் நம்மிடம் இருக்கும்போதே எழுதுகிறார்கள்.

19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பிய இலக்கியமும் இந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டது. 1821இல் பிரெஞ்சு நாடகாசிரியர் கசிமிர் தெலாவீன் ‘பரையா’ என்ற பெயரிலேயே ஒரு நாடகம் எழுதினார். 1829இல் இத்தாலிய இசையமைப்பாளர் தொனிசெத்தி அதே பெயரில் ஓர் இசைநாடகம் படைத்தார். பெண் உரிமைக்கும் தொழிலாளர் உரிமைக்கும் போராடிய ஃப்ளோரா திரிஸ்தான் 1838இல் வெளியிட்ட தன்வரலாற்றில் தன்னையே பரையா என்று அழைத்துக்கொண்டார். 1922இல் பாரிஸில் ஹோ சி மின்னும் தோழர்களும் காலனி மக்களுக்காக நடத்திய பத்திரிகைக்குப் பெயர் ‘லெ பரியா’. சமூகவியல் படித்தவர்களுக்கு மாக்ஸ் வெபரின் ‘பரையா மக்கள்’ என்ற கருத்தாக்கம் தெரிந்திருக்கும். யூதர்களை விளக்க அவர் அதைப் பயன்படுத்தினார். 1944இல் ஹன்னா அரெண்ட் அதே சொல்லை எடுத்துக்கொண்டு, அடங்கிப் போக மறுக்கும் யூதரின் மரபை எழுதினார்.

இவர்கள் எல்லோரும் நம்மை இழிவுபடுத்த எழுதியவர்கள் அல்லர். பலர் பரிவோடும் சிலர் கலகத்தோடும் எழுதினார்கள். ஹோ சி மின் மீது நமக்கு மரியாதை உண்டு. ஆனால் இந்த நூறாண்டுப் பட்டியல் முழுவதிலும் பறையர் ஒருவர்கூட வாய் திறந்து பேசவில்லை. பெயர் மட்டும் பயணம் போனது. பெயருக்கு உரியவர்கள் வயலில் நின்றுகொண்டிருந்தார்கள்.

அதே காலத்தில் சென்னையில் என்ன நடந்தது? 1893இல் தாத்தா இரட்டைமலை சீனிவாசன் ஒரு பத்திரிகை தொடங்கினார். அதன் பெயர் ‘பறையன்’. பாரிஸில் ‘லெ பரியா’ வருவதற்கு 29 ஆண்டுகளுக்கு முன்பே, பெயருக்கு உரியவர்களே அந்தப் பெயரில் அச்சடித்துப் பேசினார்கள். உலக வரலாற்று வகுப்பில் முதலாவது பத்திரிகை பாடமாகிறது. இரண்டாவதைப் பற்றி நம் பிள்ளைகளுக்கே தெரிவதில்லை.

குற்றவாளிக்கு நம் பெயர்

இப்போது அந்தச் சொல் சொல்லும் முதல் பொய்யைப் பார்ப்போம்.

நாங்கள் மாலை வகுப்பு நடத்தும் ஒரு குடியிருப்பில், வங்கித் தேர்வுக்குப் படிக்கும் தங்கை ஒருத்தி ஆங்கிலச் சொற்களின் பட்டியலை மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள். ‘பரையா’ வந்தது. பக்கத்தில் பொருள்: சமூகத்தால் ஒதுக்கப்பட்டவர். கீழே எடுத்துக்காட்டு வாக்கியம்: மோசடி வெளிப்பட்ட பிறகு அவர் நண்பர்களிடையே பரையா ஆனார். சொல் எங்கிருந்து வந்தது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அவள் கேட்டாள்: “இவன் மோசடி பண்ணான், ஒதுக்குனாங்க. நாம என்னக்கா தப்புப் பண்ணோம்?”

கேள்வி சரியான இடத்தில் இறங்குகிறது. இன்றைய ஆங்கிலத்தில் இந்தச் சொல் பெரும்பாலும் தவறு செய்து, அதனால் புறக்கணிக்கப்பட்டவர்களைக் குறிக்கிறது. பத்திரிகையாளரைக் கொன்ற அரசு, அணுகுண்டு சோதிக்கும் அரசு, மோசடிக்காரர். அவர்கள் ஒதுக்கப்பட ஒரு காரணம் இருக்கிறது. அவர்கள் திருந்தினால் திரும்பச் சேர்த்துக்கொள்ளப்படுவார்கள். பறையர் ஒதுக்கப்பட்டதற்கு அப்படி என்ன காரணம்? எந்தக் குற்றத்துக்காக? எப்போது திருந்தினால் சேர்த்துக்கொள்வார்கள்? பிறப்பால் சுமத்தப்பட்ட கொடுமையைச் செயலால் வந்த தண்டனையாக மாற்றிக் காட்டுகிறது இந்தச் சொல். கேட்பவர் மனத்தில், ஒதுக்கப்பட்டவன் ஏதோ செய்திருக்க வேண்டும் என்ற எண்ணம் தானாகவே வந்து உட்காருகிறது. முற்பிறவி வினை என்று மனுதர்மவாதிகள் சொன்னதற்கும் இதற்கும் எவ்வளவு தூரம்?

இதன் உச்சம் தென்னாப்பிரிக்கா. நிறவெறி ஆட்சி நடந்த காலத்தில் அந்த நாட்டை உலகமே ‘பரையா ஸ்டேட்’ என்று அழைத்தது. யோசித்துப் பாருங்கள் தோழர்களே. மக்களைப் பிறப்பால் பிரித்து, தனிக் குடியிருப்பு, தனிப் பள்ளி, தனிக் கடற்கரை என்று சட்டம் போட்டுத் தள்ளி வைத்த அரசு அது. அந்த அரசுக்கு வைத்த பெயர், பிறப்பால் பிரித்துத் தள்ளி வைக்கப்பட்ட மக்களின் பெயர். தள்ளி வைத்தவனுக்குத் தள்ளி வைக்கப்பட்டவன் பெயர்! நிறவெறியை எதிர்த்தவர்கள் நல்ல நோக்கத்தோடுதான் அப்படி அழைத்தார்கள். சொல் அவர்கள் நோக்கத்தையே தலைகீழாக்கியது அவர்களுக்குத் தெரியவில்லை.

பண்டிட், குரு, பிராமின்

‘ஆங்கிலேயருக்குச் சாதி தெரியாது, அறியாமல் பயன்படுத்துகிறார்கள்’ என்று சொல்பவர்கள் உண்டு. அவர்கள் ஆங்கிலம் நம் நாட்டிலிருந்து எடுத்துக்கொண்ட மற்ற சொற்களையும் பார்க்கட்டும்.

தொலைக்காட்சியில் அரசியல் கருத்துச் சொல்லும் நிபுணர் ‘பண்டிட்’. ஒரு துறையில் கரைகண்டவர் ‘குரு’: மேனேஜ்மென்ட் குரு, மார்க்கெட்டிங் குரு. அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்துப் பழைய மேட்டுக்குடிக் குடும்பங்களுக்கு ‘பாஸ்டன் பிராமின்’ என்று பெயர். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் ஆலிவர் வென்டல் ஹோம்ஸ் என்ற எழுத்தாளர் வைத்த பெயர் அது. இன்றுவரை பெருமையாகவே புழங்குகிறது.

மேலே இருப்பவர்களின் பெயர் அறிவுக்கும் குடிப்பெருமைக்கும் போனது. கீழே தள்ளப்பட்டவர்களின் பெயர் நாய்க்கும் கொடுங்கோலனுக்கும் போனது. ஆங்கிலம் இங்கிருந்து தனித்தனிச் சொற்களை எடுத்துப் போகவில்லை. சாதி அடுக்கை அப்படியே மூட்டை கட்டி எடுத்துப் போயிருக்கிறது. எது மேலே, எது கீழே என்ற வரிசைகூடக் கலையவில்லை.

‘ஒதுக்கப்பட்டவர்’ என்றால் யாரால்?

இரண்டாவது பொய் இன்னும் ஆழமானது. அகராதி சொல்கிறது: ஒதுக்கப்பட்டவர். வெளியே தள்ளப்பட்டவர். யாரால் தள்ளப்பட்டார் என்று அகராதி சொல்வதில்லை. செயப்பாட்டு வினையில் செய்தவன் காணாமல் போகிறான். உள்ளூர்ச் செய்தித்தாளில் ‘இரு பிரிவினரிடையே மோதல்’ என்று எழுதுவதற்கும் இதற்கும் வேறுபாடு இல்லை. சேரிக்குள் புகுந்து அடித்தவனும் அடிபட்டவனும் ஒரே வாக்கியத்தில் சமமாகிவிடுவார்கள்.

அதோடு, ‘வெளியே தள்ளப்பட்டவர்’ என்பதே உண்மையில்லை. பறையர் சமூகம் தமிழ் வேளாண்மைக்கு வெளியே ஒருபோதும் இருந்ததில்லை. அதன் நடுவில்தான் இருந்தது. செங்கல்பட்டிலும் தஞ்சையிலும் நெல் விளைந்தது யார் உழைப்பில்? பண்ணையாள், படியாள் என்று கட்டிப் போட்டு வைத்திருந்தது யாரை? ஒரு மிராசுதாரர் தன் பண்ணையாள் ஊரை விட்டுப் போனால் ‘ஒழிந்தான்’ என்று மகிழவில்லை. தேடிப் பிடித்து இழுத்து வந்தார். குடியிருக்கத் தனி இடம், தண்ணீர் எடுக்கத் தனிக் கிணறு. ஆனால் உழைப்பு மட்டும் ஊருக்குள் வேண்டும். ஒதுக்கியது தொடுவதில், கட்டி வைத்தது வயலில். இரண்டும் சேர்ந்ததுதான் தீண்டாமை. முதல் பாதியை மட்டும் சொல்லி, இரண்டாம் பாதியை மறைக்கிறது ‘அவுட்காஸ்ட்’ என்ற விளக்கம்.

இந்த இரண்டாம் பாதி வெள்ளை அரசுக்கும் தெரியும். 1891இல் செங்கல்பட்டு ஆட்சியர் ட்ரெமென்ஹீர், பறையர் நிலை பற்றி ஓர் அறிக்கை கொடுத்தார். வீட்டு மனைகூடச் சொந்தமில்லாமல் இந்த மக்கள் எப்படி மிராசுதாரர்களிடம் கட்டுண்டு கிடக்கிறார்கள் என்று அதில் எழுதினார். அதைத் தொடர்ந்துதான் 1892இல் நிலம் ஒதுக்கும் ஆணை வந்தது. நாம் இன்று மீட்கப் போராடும் பஞ்சமி நிலத்தின் தொடக்கம் அங்கே இருக்கிறது. சிக்கல் நிலம், கூலி, வீட்டு மனை என்று ஆட்சியர் எழுதிய அதே மொழியின் அகராதியில், சிக்கல் வெறும் ‘ஒதுக்கப்பட்டவர்’ என்று சுருங்கிப் போனது. நிலத்தைப் பறித்தவன் கேள்வியிலிருந்து தப்பித்துக்கொண்டான்.

பெயரும் வசையும்

இங்கே ஒரு விஷயத்தில் நாம் தெளிவாக இருக்க வேண்டும். அந்தப் பெயரைப் பார்த்து நாம் வெட்கப்படுவதால் இந்தச் சொல்லை எதிர்க்கவில்லை.

நம் முன்னோர்கள் இந்தப் பெயரோடு மூன்று விதமாகப் போராடினார்கள். பண்டிதர் அயோத்திதாசர், இது பூர்வ பௌத்தர்கள் மீது எதிரிகள் சுமத்திய பெயர் என்று மறுத்தார். இரட்டைமலை சீனிவாசன், பெயரை மறைத்துக்கொண்டு உரிமை கேட்க முடியாது என்று அதையே பத்திரிகையின் தலைப்பில் வைத்தார். எம்.சி. ராஜா சென்னைச் சட்டமன்றத்தில் முன்வைத்த கோரிக்கையை ஏற்று, 1922இல் அரசு ஆவணங்களில் பஞ்சமர், பறையர் என்ற சொற்களுக்குப் பதில் ஆதிதிராவிடர் என்று எழுத ஆணை வந்தது. மூவரும் ஒருவரோடொருவர் முரண்பட்டார்கள். ஆனால் ஒரு விஷயத்தில் ஒன்றாக நின்றார்கள்: எங்களை என்ன சொல்லி அழைப்பது என்று முடிவு செய்ய வேண்டியவர்கள் நாங்கள்.

இன்று பறையைக் கையில் எடுக்கும் கல்லூரி மாணவர்களும் அதே உரிமையைத்தான் எடுத்துக்கொள்கிறார்கள். உரியவர் தன் பெயரைச் சொல்வது ஒன்று. அடுத்தவர் அதே பெயரைக் கெட்டதற்கு உவமையாக்குவது வேறு.

மலேசியாவில் நடந்ததை இந்த இடத்தில் நினைத்துப் பார்க்கலாம். அப்துல்லா ஹுசைன் 1971இல் வெளியிட்ட ‘இன்டர்லோக்’ என்ற மலாய் நாவல் அங்கே பள்ளிப் பாடநூலாக வைக்கப்பட்டது. இந்தியாவிலிருந்து வந்த தொழிலாளர்களை அது ‘பாரியா’ என்று குறித்ததற்குக் கடும் எதிர்ப்பு எழுந்து, 2011 டிசம்பரில் நாவல் திரும்பப் பெறப்பட்டது. மலாய்ப் பேச்சில் அந்தச் சொல் வசையாகவே இருப்பதால் எதிர்ப்புக்கு நியாயம் உண்டு. ஆனால் இப்படிப்பட்ட எந்த எதிர்ப்பிலும் ஒரு கேள்வியை நமக்குள் கேட்டுக்கொள்ள வேண்டும். சாதி இழிவை எதிர்க்கிறோமா, ‘எங்களை எப்படி அவர்களோடு சேர்க்கலாம்’ என்று கோபப்படுகிறோமா? இரண்டாவது கோபம் சாதியின் கோபம்.

நம் தமிழும் சுத்தமில்லை. ‘சண்டாளன்’ தமிழ்நாட்டின் பட்டியல் சாதி ஒன்றின் பெயர். சினிமாப் பாட்டிலும் பட்டிமன்றத்திலும் வீட்டுச் சண்டையிலும் அது வசையாகவே புழங்குகிறது. அதைத் தவிர்க்கும்படி 2024இல் மாநில ஆதிதிராவிடர் பழங்குடியினர் ஆணையம் சொல்ல வேண்டி வந்தது. தங்களோடு கூட்டணிக்கு யாரும் வராததை ‘அரசியல் தீண்டாமை’ என்று பாஜக தலைவர்கள் பல ஆண்டுகளாகப் புலம்பினார்கள். அதிகாரம் கிடைக்காத வருத்தத்துக்கு, தண்ணீர் கிடைக்காதவனின் துயரத்தைக் கடன் வாங்கினார்கள்.

வழக்கமான மூன்று பதில்கள்

‘சொல்லின் பொருள் மாறிவிட்டது, மூலத்தைத் தோண்டலாமா?’ என்பார்கள். மூலத்துக்கு உரியவர்கள் அழிந்து போயிருந்தால் அது விவாதம். நாம் உயிரோடு இருக்கிறோம். அந்த ஆங்கில நாளேடு சென்னையிலேயே அச்சாகிறது. அதைப் படிக்கும் மாணவரின் சான்றிதழில் அதே பெயர் இருக்கிறது. பொது இடத்தில் சாதிப் பெயரைச் சொல்லி நம்மைத் திட்டினால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். அதே பெயரை வசையாகத் தலைப்பில் போட்டால் நல்ல ஆங்கிலமாம்.

‘மொழியை யார் மாற்ற முடியும்?’ என்பார்கள். கம்ப்யூட்டர் துறையில் ‘மாஸ்டர்’, ‘ஸ்லேவ்’ என்ற சொற்கள் பல பத்தாண்டுகள் இருந்தன. 2020இல் கிட்ஹப் நிறுவனமே ‘மாஸ்டர்’ என்பதை ‘மெயின்’ என்று மாற்றியது. கறுப்பின மக்களின் போராட்டம் அதைச் சாதித்தது. இங்கேயும் 2025 ஏப்ரலில், ‘காலனி’ என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். கேட்டால்தான் மாறும்.

‘வேங்கைவயல் தொட்டியில் மலம் கலந்த நாட்டில், ஓர் ஆங்கிலச் சொல்லா பிரச்சினை?’ இதைக் கேட்பவர்களில் நம் தோழர்களும் உண்டு. நியாயமான கேள்வி. சொல்லை மாற்றினால் தண்ணீர் சுத்தமாகிவிடாது. ‘காலனி’ பலகையைக் கழற்றினால் சுடுகாட்டுப் பாதை கிடைத்துவிடாது. ஆனால் தொட்டியில் கலந்தவன் யார் என்று கேட்கவிடாமல் செய்வதும், ஒதுக்கியவன் யார் என்று கேட்கவிடாமல் செய்வதும் ஒரே பழக்கம்தான். செய்தவனை வாக்கியத்திலிருந்து அழிக்கும் பழக்கம். களத்தில் அதை எதிர்க்கும் நாம் எழுத்திலும் எதிர்க்க வேண்டும்.

என்ன செய்யலாம்?

ஒன்று, நம் ஆங்கில எழுத்தில் இந்தச் சொல்லை உவமையாகப் பயன்படுத்துவதை நிறுத்துவோம். புறக்கணிக்கப்பட்ட நாட்டை ‘ஐசோலேட்டட்’ என்று எழுதினாலே போதும். பொருள் எதுவும் குறைந்துவிடாது. பறையர் சமூகத்தைப் பற்றி எழுதும்போது, தமிழ் ஒலிப்போடு அதன் பெயராகவே எழுதுவோம்.

இரண்டு, ஊடகங்களில் மொழிபெயர்ப்பு செய்யும் தம்பி தங்கைகள் ‘பரையா ஸ்டேட்’ என்பதைத் ‘தீண்டத்தகாத நாடு’ என்று தமிழாக்கிவிட வேண்டாம். ‘உலக நாடுகள் புறக்கணித்த நாடு’ என்று எழுதுங்கள். புறக்கணித்தவர் யார் என்பதும் வந்துவிடும்.

மூன்று, ஆங்கில நாளேட்டில் இந்தச் சொல்லைப் பார்க்கும்போதெல்லாம் ஆசிரியருக்கு நான்கு வரி எழுதுங்கள். கெஞ்ச வேண்டாம், திட்டவும் வேண்டாம். ‘இது எங்கள் பெயர். நீங்கள் குறிப்பிடும் ஆள் குற்றம் செய்தவர். நாங்கள் எந்தக் குற்றமும் செய்யவில்லை’ என்று மட்டும் எழுதுங்கள். ஒரு கடிதத்தைக் குப்பையில் போடலாம். மாதம் நூறு கடிதம் வந்தால் நடைக் கையேட்டைத் திறந்துதான் ஆக வேண்டும்.

நான்கு, பயிற்சி வகுப்பு நடத்துபவர்கள் அந்தச் சொல் வரும் பக்கத்தைத் தாண்டிப் போகாதீர்கள். தேர்வுக்கு விடை வேண்டும், மனப்பாடம் செய்யட்டும். அதற்குப் பிறகு 1893ஐயும் 1922ஐயும் அவர்களுக்குச் சொல்லுங்கள். ‘நாம என்ன தப்புப் பண்ணோம்’ என்று எந்தப் பிள்ளையும் கேட்கும் நிலை வரக்கூடாது. ‘ஒதுக்கியது யார், எதற்காக, அதனால் லாபம் யாருக்கு?’ என்று கேட்கப் பழகட்டும். ‘ஒதுக்கப்பட்ட’ என்று முடியும் எந்த வாக்கியத்தைப் பார்த்தாலும், அது ஆங்கிலத்தில் இருந்தாலும் தமிழில் இருந்தாலும், முதலில் எழ வேண்டிய கேள்வி அதுதான்.